பால் சேராத கறிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் பால், தயிர், நெய், முட்டை, மீன் எதையும் இனித் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறான். ஊருக்கு வரும்போது அவனுக்கு என்ன கறி வைத்துக் கொடுப்பது என்று தெரியவில்லை. அங்கே அவனே எளிதாக வைத்துக்கொள்ளக்கூடிய கறி ஒன்றையும் சொல்லுங்கள்.
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: சகோதரி, கவலையே வேண்டாம். மற்ற ஊர்களில் பாலும் நெய்யும் செய்கிற வேலையை நம் பகுதியில் தேங்காயே செய்துவிடுகிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, அன்று சென்னை மாநிலம் எனப்பட்ட தமிழ்நாட்டோடு இணைந்தபோது மாநில எல்லைதான் மாறியதே தவிர, எல்லையின் இரு பக்கத்து அடுக்களைகளிலும் வறுத்தரைத்த தேங்காயில் புளி சேர்த்து வைக்கும் தீயலும், காயோடு தேங்காய் அரைத்துச் சேர்க்கும் எரிசேரியும், தேங்காய்ப்பாலில் வேகும் ஓலனும் அப்படியே இருந்தன. இம்மூன்றிலும் பால் பொருள் எதுவும் கிடையாது. அவியல், புளிசேரி, கிச்சடி (ரவை கிச்சடி அல்ல, தயிர்ப் பச்சடி போன்றது) ஆகியவற்றில் தயிரோ மோரோ சேர்வதால் அவற்றை மட்டும் மகனுக்குத் தவிர்த்துவிடுங்கள். நாம் வழக்கமாகத் தாளிப்பது தேங்காய் எண்ணெயில்தான் என்பதால் அதிலும் தடையில்லை.

அவனுக்கு உள்ளித்தீயலை, அதாவது சின்ன வெங்காயத் தீயலைக் கற்றுக்கொடுங்கள். நான்கு பேருக்கு ஒரு மூடித் தேங்காய்த் துருவல், கால் கிலோ சின்ன உள்ளி, 6 மிளகாய் வற்றல், 2 மேசைக்கரண்டி மல்லி, அரைத் தேக்கரண்டி மிளகு, சிறிது வெந்தயம், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், எலுமிச்சை அளவு புளி, கறிவேப்பிலை, தேங்காய் எண்ணெய், கடுகு, உப்பு ஆகியவை போதும். அடி கனத்த வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, துருவலோடு இரண்டு உள்ளியை நறுக்கிப் போட்டு, சிறு தீயில் கை விடாமல் கிளற வேண்டும். முதலில் ஈரம் வற்றும். பிறகு துருவல் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்து இளமஞ்சளாகும். அதன்பின் நிறம் வேகமாக ஏறும். பொன்னிறம் வந்ததும் மல்லி, மிளகாய், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலையைச் சேருங்கள். அவை தேங்காயைவிட விரைவில் கருகக்கூடியவை என்பதால் தொடக்கத்திலேயே போடக் கூடாது. எல்லாம் சேர்ந்து செம்பு நிறத்துக்கு வரும்போது அடுப்பை அணைத்து, மஞ்சள்தூளைத் தூவி, உடனே வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். சூடான வாணலியிலேயே விட்டுவைத்தால் தீ அணைந்த பின்னும் தேங்காய் வறுபட்டுக்கொண்டே இருக்கும். தீயல் கசந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இந்த வறுவலுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வேறு வேலை எதையும் பார்க்கக் கூடாது என்பதைத் தவிர இக்கறியில் கடினமானது ஒன்றுமில்லை.

ஆறிய பின் முதலில் தண்ணீர் விடாமல் மிக்ஸியில் அரையுங்கள். ஜாரின் ஓரத்தில் எண்ணெய் மினுங்கி, அரைப்பு இளகி வரும்வரை அரைத்தால்தான் குழம்புக்கு உரிய கெட்டித்தன்மை கிடைக்கும். பிறகு 2 மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு தாளித்து, உரித்த உள்ளியை முழுதாகவோ நீளவாக்கில் கீறியோ போட்டு, நன்கு குழைய வதக்கிய பின்பே புளிக்கரைசலை ஊற்ற வேண்டும். புளிப்பு சேர்ந்துவிட்டால் காய் மென்மையாவது தாமதப்படும். பச்சை வாடை போகக் கொதித்ததும் அரைத்ததையும் உப்பையும் சேர்த்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை சிறு தீயில் வைத்து இறக்கிவிடலாம். பாகற்காய், கத்தரிக்காய், முருங்கைக்காய் எதிலும் இதே முறையில் தீயல் வைக்கலாம். வைத்த அன்றைக்குவிட மறுநாள்தான் அதற்கு ருசி அதிகம்.

மகன் பெங்களூருக்குத் திரும்பும்போது, தண்ணீர் படாமல் அரைத்த மசாலாவை ஈரமில்லாத பாட்டிலில் அடைத்துக் கொடுத்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பத்து நாள் எடுத்துக்கொள்ளலாம். உள்ளியை வதக்கிப் புளியைக் கரைத்து ஊற்றுவது மட்டுமே அவன் வேலை.

கேள்வி: நான் ஓலன் வைக்கும்போதெல்லாம் தேங்காய்ப்பால் திரிந்துவிடுகிறது. சோள மாவு கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். அது சரியா?
– வாசகர், பாறசாலை

பதில்: மாவு வேண்டாம், ஐயா, ஓலனின் தெளிவான சுவையை அது மழுக்கிவிடும். தேங்காய்ப்பாலில் நுண்ணிய எண்ணெய்த் துளிகளைச் சுற்றிப் புரதம் உறைபோல் நின்று அவற்றை நீரோடு கலந்து வைத்திருக்கிறது. சூடு ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்தப் புரதம் கட்டிப்பட்டு, எண்ணெய் தனியே பிரிகிறது. எனவே, தடியங்காயையும் (வெண்பூசணி) பச்சைமிளகாயையும் நீர்த்த இரண்டாம் பாலில் உப்பிட்டு வேகவிட்டு, முன்பே அவித்து வைத்த வன்பயற்றை (சிவப்புத் தட்டப்பயறு) சேர்த்து, கெட்டியான முதல் பாலை எல்லாவற்றுக்கும் கடைசியில் ஊற்றுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் ஆவி எழத் தொடங்கியதும், கொதிக்கும் முன்பே இறக்கிவிட வேண்டும். மேலே பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் சேர்த்து மூடிவையுங்கள். மீந்த ஓலனை மறுபடி சூடாக்கும்போதும் கொதிக்கவிடக் கூடாது.

கேள்வி: தேங்காய் துருவ நேரமில்லாதவர்கள் கடையில் விற்கும் உலர் துருவலையும் தேங்காய்ப்பால் பொடியையும் பயன்படுத்தலாமா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: தீயலுக்கு உலர் துருவல் ஏற்றதே. ஈரம் குறைவு என்பதால் மிக விரைவில் சிவந்துவிடும். தீயை இன்னும் தணித்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பால் பொடி வாங்கும்போது உறையில் அச்சிட்டிருக்கும் சேர்மானங்களைக் கட்டாயம் படிக்க வேண்டும். பொடி நன்றாகக் கரைவதற்காகச் சில தயாரிப்புகளில் கேசினேட் என்னும் பால் புரதத்தைச் சேர்க்கிறார்கள். பாலை விலக்கியவர்களுக்கு, குறிப்பாகப் பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, அது ஆகாது.

கேள்வி: மீனும் பாலும் இல்லாமல் காய்கறிக் குழம்பை மட்டும் சாப்பிட்டால் உடலுக்குச் சத்து போதுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: காய்கறி மட்டும் போதாது; பயறும் கடலையும் தினமும் இலையில் இருக்க வேண்டும். உலர்ந்த கறுப்புக் கொண்டைக்கடலையின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதம். வைட்டமின் பி12 தாவர உணவில் இயல்பாகப் போதிய அளவு கிடைப்பதில்லை. மீன், பால், முட்டை அனைத்தையும் நெடுநாள் விலக்குவோர் மருத்துவரிடம் கேட்டு அதைத் தனியாக எடுத்துக்கொள்வது அவசியம். இதில் அலட்சியம் கூடாது என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கடலைக்கறிக்கு மேலே சொன்ன வறுத்த தேங்காய் மசாலாவே பொருந்தும். கடலையை 8 மணி நேரம் ஊறவைத்து, நீரை மாற்றி, உப்பும் மஞ்சளும் சேர்த்துக் குக்கரில் வேகவையுங்கள். ஒரு கடலையை விரலிடையில் அழுத்தினால் மாவாக நசுங்க வேண்டும். அந்தப் பதம் வரும்வரை புளிப்பான எதையும் சேர்க்காதீர்கள், சேர்த்தால் கடலை விறைத்தே நிற்கும். வெந்ததில் ஒரு கைப்பிடியை மசித்து, மசாலாவோடும் கடலை வெந்த நீரோடும் கலந்து கொதிக்கவிட்டால் குழம்பு தானாகவே திக்காகிவிடும். புளி சேர்க்க விரும்பினால் தீயலுக்குச் சேர்ப்பதில் பாதி போதும். புட்டுக்கும் ஆப்பத்துக்கும் இது பொருத்தமான கறி.