மலாவி தொட்டியில் ஏஞ்சல் விடலாமா?

4 அடி மீன் தொட்டி, அதில் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களான 6 எலக்ட்ரிக் யெல்லோ, எல்லாரையும் துரத்தும் ஓர் ஆராட்டஸ், இதில் 2 ஏஞ்சல் மீன் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஏஞ்சல் அமேசான் பக்கத்து மீன், தாது உப்புகள் குறைந்த மென்மையான நீர் கேட்கும். மலாவி ஏரி மீன்களுக்கோ பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 8-ஐ ஒட்டிய கடின நீர் வேண்டும், அதோடு அவை ஏஞ்சலின் நீளத் துடுப்பைக் கடித்தே குதறிவிடும்.

முதலில் ஆராட்டஸை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை எதை விட்டாலும் அடிதான். அப்புறம் ஏஞ்சலுக்குப் பதிலாக ரஸ்டி சிக்லிட் என்ற மீனின் 5, 6 குஞ்சுகள் வாங்குங்கள், அதே ஏரி, சாதுவானது, நிறமும் வேறு என்பதால் யெல்லோ அதைப் போட்டியாகப் பார்க்காது. ஒன்றிரண்டாக விடாமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் அடி ஒரே மீன்மேல் விழாது. அதற்கு முன் நோய் எதுவும் இருக்கிறதா என்று பார்க்க, புது மீன்களை 3 வாரமாவது தனித்தொட்டியில் வையுங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு நேராக விட்டு, வெள்ளைப்புள்ளி நோய் வந்து பாதி மீனை இழந்தேன், இன்னும் மனசு ஆறவில்லை.

விடும் நாளில் கற்களை எல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்குங்கள், பழைய மீனுக்குத் தன் எல்லை எதுவென்று தெரியாமல் போகும். விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். பில்டர் எது போட்டிருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.