பீட்ரூட் சாறு போதாது: ஊட்டச்சத்துக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதியில் வயது இல்லை, எடை இல்லை, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற விவரமும் இல்லை. "எனக்கு எந்தச் சத்து குறைவு?" என்று மட்டும் கேட்டால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? அடுத்த முறை இந்த மூன்றையும் எழுதுங்கள், கூடவே முந்தின நாள் காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

சர்க்கரை இருக்கிறது. அரிசியை விட்டுச் சாமை, வரகுக்கு மாறிவிட்டேன். இனி அளவு பார்க்க வேண்டியதில்லைதானே? (திருப்பூர் வாசகர்)

பார்க்க வேண்டும். அரிசியோ சாமையோ, வேகவைக்காத 100 கிராமில் 350 கலோரிக்குப் பக்கம்தான். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை, ஆனால் கடையில் வெள்ளையாகத் தீட்டி விற்பதில் அதுவும் பெரும்பாலும் போய்விடுகிறது. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு தானியம், மீதிக் கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. எந்தத் தானியமாக இருந்தாலும் அந்தக் கால் பங்குதான்.

மூட்டு வலிக்காக வைட்டமின் டி, 60,000 யூனிட், வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை வருடமாக விடாமல் போடுகிறேன். தொடரலாமா?

எத்தனை வாரம் என்று அந்தச் சீட்டில் கட்டாயம் எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். வழக்கமாக 8 வாரம், அப்புறம் அளவைக் குறைப்பார்கள். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டே போனது பெரிய தவறு. பி, சி வகை வைட்டமின்கள் கூடினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். டி அப்படியில்லை, உடம்பின் கொழுப்பில் தங்கிவிடும், அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகம் அடிவாங்கும். அடுத்த மாத்திரையைப் போடாதீர்கள். வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் பரிசோதித்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனை இல்லாமல் சத்து மாத்திரை வேண்டாம் என்று எத்தனை முறை எழுதுவது!

மகளுக்கு 19 வயது. ஹீமோகுளோபின் 8.6. மூன்று மாதமாகத் தினமும் பீட்ரூட் சாறும் பேரீச்சம்பழமும் கொடுக்கிறேன். ஏறவே இல்லை. வேறு என்ன சாறு கொடுக்கலாம்? (தேனி வாசகி)

எந்தச் சாறும் வேண்டாம் அம்மா. முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 8.6 என்பது சாப்பாட்டால் மட்டும் சரிசெய்யும் எண் இல்லை, இரும்புச்சத்து மாத்திரை தேவைப்படும். மூன்று மாதம் வீணாகப் போயிருக்கிறது.

பீட்ரூட்டின் சிவப்பு வேறு, ரத்தத்தின் சிவப்பு வேறு. 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. உங்கள் மகள் வயதில் ஒரு நாளைக்கு வேண்டியது 30 மில்லிகிராமை ஒட்டி. பேரீச்சம்பழத்தில் இருப்பதில் முக்கால்வாசி சர்க்கரை. நிறத்தை வைத்து ரத்தம் ஊறும் என்று சொல்வதை யார் ஆரம்பித்தார்களோ, அதை நம்பி எத்தனையோ பெண்கள் மூச்சு வாங்கிக்கொண்டே மாடிப்படி ஏறுவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. மாத்திரை பள்ளியிலும் அரசு சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கிற ஊரில் இது நடக்கிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்? மாத்திரையை டீ, காபி, பாலோடு கொடுக்காதீர்கள். கால்சியம் மாத்திரையும் அதே வேளையில் கூடாது, ஒன்று காலை, ஒன்று இரவு. நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ கூட இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடட்டும். எண் சரியான பிறகும் இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும், அப்போதுதான் உடம்பின் இருப்பு நிரம்பும். ஒரு மாதத்தில் 1 கிராமாவது ஏறவில்லை என்றால் காரணம் வேறு: மாதவிடாயில் அதிகப் போக்கு, குடற்புழு, பி12 குறைவு, பரம்பரையாக வரும் தலசீமியா என்ற ரத்தக் கோளாறு. டாக்டர் அதைத் தேடட்டும்.

சாப்பாட்டில், அசைவம் உண்டென்றால் ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்) இரண்டும் உண்மையிலேயே இரும்பு நிறைந்தவை. சைவம் என்றால் கீரை, கொள்ளு, தட்டைப்பயறு, ஆனால் எலுமிச்சை பிழிந்து. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த வேளைச் சாப்பாட்டிலிருந்து சேர வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் போய்விடும். டீயை ஒரு மணி நேரமாவது தள்ளுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறீர்கள்? மீன் துண்டும் முட்டையும் முதலில் அப்பாவுக்கும் தம்பிக்கும் போய்விட்டு, அம்மாவும் மகளும் சட்டியில் மிஞ்சிய குழம்பை வழித்துச் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிற வீடுகள் இன்னும் ஏராளம். மாதாமாதம் ரத்தம் போவது அந்தப் பெண்ணுக்குத்தான், ஈரல் முதலில் அவள் தட்டில்தான் விழ வேண்டும். தயவுசெய்து உங்கள் ரத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

ஜிம் போகிறேன். வயது 24, எடை 60 கிலோ. புரோட்டீன் பவுடர் கட்டாயமா?

வயதும் எடையும் எழுதியதற்கு நன்றி. கட்டாயம் இல்லை. சாதாரணமாக 50 கிராம் புரதம் போதும், எடை தூக்குகிறவருக்கு 70 முதல் 90. இரண்டு முட்டை 12, அரை லிட்டர் பால் 16, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 10, நூறு கிராம் கோழி 25, இட்லி, சோறு, சாம்பாரிலிருந்து இன்னொரு 20. கணக்கு முடிந்தது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, ஒரு கிரியாட்டினின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

58 வயது, சுத்த சைவம். பாதம் மரத்துப்போகிறது. பழைய சோற்றில் பி12 இருக்கிறதாமே, தினமும் சாப்பிட்டால் போதுமா?

போதாது. பழைய சோறு வயிற்றுக்கு நல்லது, பி12 குறைவை அது தீர்க்காது. செடியில் விளைவது எதிலும் நம்பும்படியான பி12 கிடையாது, சைவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி, அதுவும் பலருக்குப் போதுமான அளவு இருப்பதில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. வருடக்கணக்கில் சாப்பிட்டால் அதுவும் பி12ஐக் குறைக்கும், சர்க்கரையாலும் பாதம் மரத்துப்போகும். இரண்டுக்கும் பரிசோதனை இந்த வாரமே செய்யுங்கள். நரம்பு அதிக நாள் பாதிக்கப்பட்டால் ஊசி போட்டாலும் முழுதாகத் திரும்பாது.

பிரஷர் இருக்கிறது. இந்துப்பு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாமா?

கூடாது. அதுவும் கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைடுதான், அயோடின் வேறு சேர்த்திருக்காது. எந்த உப்பும் நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்குள், ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பதையும் சேர்த்து.

'கொலஸ்ட்ரால் இல்லாத' கடலை எண்ணெய் வாங்கலாமா?

செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆளுக்கு மாதம் அரை லிட்டரைத் தாண்டாதீர்கள், பொரித்த எண்ணெயில் திரும்பப் பொரிக்காதீர்கள்.

புழுங்கலரிசியா, பச்சரிசியா? (தஞ்சாவூர் வாசகர்)

புழுங்கல். நெல்லை வேகவைக்கும்போது உமியை ஒட்டியிருக்கும் தயாமின் என்ற பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அப்புறம் தீட்டினாலும் கணிசமாகத் தங்கும். தீட்டிய பச்சரிசியை மட்டுமே நம்பியவர்களுக்குத்தான் பி1 குறைவால் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய் வந்தது. அந்த நோயை ஆராய 1918ல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம்தான் இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது, 1958ல் அங்கே போனது. அரிசியை ஐந்தாறு தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவாதீர்கள், இரண்டு தண்ணீர் போதும். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் ரசத்துக்கோ குழம்புக்கோ சேர்த்துக்கொள்ளுங்கள்.