சென்னை ஸ்பென்சர் பிளாசா மால் முன்பு எப்படி இருந்தது? இப்போது ஏன் இப்படி ஆனது?

ஆன்லைன் வியாபாரம் வந்ததால்தான் ஸ்பென்சர் படுத்துவிட்டது என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. அது மட்டுமே காரணம் என்றால், கூப்பிடு தூரத்தில் இருக்கும் எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலிலும் ஈ ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். அங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள், கூட்டம் தெரியும்.

பழைய கதை சுருக்கமாக. அண்ணா சாலையில் அதே இடத்தில் ஸ்பென்சர் கம்பெனியின் பெரிய கடை 1895-ல் திறக்கப்பட்டது. இந்தோ சாரசெனிக் பாணியில் கட்டிய அந்தக் கட்டடம் 1983-ல் தீயில் போனது. இன்று நாம் பார்க்கும் மால் 90-களில் தொடங்கி மூன்று கட்டங்களாக (ஃபேஸ்) வளர்ந்தது.

90-களின் கடைசியிலும் 2000-த்தின் தொடக்கத்திலும் ஊரிலிருந்து யார் வந்தாலும் மெரினாவுக்கு அடுத்தபடி ஸ்பென்சருக்குத்தான் கூட்டிப்போவோம். எதுவும் வாங்க வேண்டும் என்றில்லை. வெயிலுக்கு உள்ளே நுழைந்தால் ஏசி, எஸ்கலேட்டர், அப்புறம் மியூசிக் வேர்ல்டு பாட்டுக் கடை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு புது ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, கேசட் வாங்காமலே வெளியே வந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். லேண்ட்மார்க் புத்தகக் கடையிலும் அப்படித்தான், நின்றபடியே பல பக்கங்கள் படித்துவிடலாம். காலேஜ் படிக்கும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வயதில் அங்கே சுற்றியவர்களுக்குத் தெரியும். ஃபேஸ் ஒன்றில் நுழைந்து ஃபேஸ் மூன்றில் வழி தெரியாமல் சுற்றுவதும் அந்த அனுபவத்தில் சேர்த்திதான்.

சரி, எங்கே சரிந்தது? என் பார்வையில் முக்கியமான காரணம், கடைகளைத் தனித்தனியாக விற்றதுதான். பின்னால் வந்த பெரிய மால்களில் மொத்தக் கட்டடமும் பெரும்பாலும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கும், கடைகள் வாடகைக்குத்தான். எந்தத் தளத்தில் எந்தக் கடை வர வேண்டும், எது போக வேண்டும் என்று அவர்களே முடிவு செய்வார்கள். ஸ்பென்சரில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு சொந்தக்காரர். பெரிய பிராண்டு ஒன்று நாலு கடை சேர்ந்த மாதிரி இடம் கேட்டால், நாலு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். கட்டடத்தைப் புதுப்பிப்பது என்றாலும் அதே பாடுதான். அதோடு, உள்ளே சினிமா தியேட்டர் கிடையாது. 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ தியேட்டரோடு வந்தது. 2013-ல் வேளச்சேரியில் பீனிக்ஸ், வடபழனியில் ஃபோரம் விஜயா. படம், சாப்பாடு, கடை எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தபின் குடும்பங்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. பாட்டு கேட்பது போனுக்கு மாறியபின் மியூசிக் வேர்ல்டு போன்ற கடைகளுக்கும் வேலை இல்லாமல் போனது. ஆன்லைன் இந்தப் பட்டியலில் கடைசியாக வந்து சேர்ந்ததுதான்.

இப்போது உள்ளே போனால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வரிசையாக இறக்கிவிட்ட ஷட்டர்கள். ஆனால் "செத்துப்போன மால்" என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அங்கே இன்னும் பிழைப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். காஷ்மீர்க் கடைகள் இருக்கின்றன. "சும்மா பாருங்கக்கா, வாங்கணும்னு இல்ல" என்று தமிழிலேயே கூப்பிடுவார்கள். உள்ளே போனால் சால்வையை உதறி விரித்து, கையால் போட்ட பூவேலை எது, மெஷின் வேலை எது என்று துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டி விளக்குவார்கள். மெஷின் வேலையில் பின்பக்கமும் ஒரே சீராக இருக்கும், கைவேலையில் நூல் முன்னே பின்னே ஓடும். இப்படி நிதானமாகச் சொல்லிக்கொடுக்கும் கடைகளைப் புது மால்களில் நான் பார்த்ததில்லை. அந்த மால்களின் வாடகைக்கு இவர்களால் தாக்குப்பிடிக்கவும் முடியாது. கடையைத் தனித்தனியாக விற்றது ஸ்பென்சரைக் கெடுத்தது என்றேன். சின்ன வியாபாரிகள் சிலரால் இத்தனை வருஷம் அங்கே நிற்க முடிந்ததற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

போக நினைத்தால் மெட்ரோவில் போங்கள். 2019 முதல் எல்ஐசி நிலையம் இருக்கிறது, இறங்கினால் நடக்கிற தூரம். காஷ்மீர்க் கடைகளில் பேரம் உண்டு, முதல் விலையிலேயே வாங்கிவிடாதீர்கள்.