டிவியே இல்லாத வீட்டுக்கும் டிவி கட்டணமா?

கேள்வி: என் கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து, மூன்று மாதத்துக்கு முன் கோவையிலிருந்து ஸ்டுட்கார்ட் வந்து சேர்ந்தோம். வீட்டில் டிவி வாங்கவில்லை. தமிழ் சீரியலும் செய்தியும் லேப்டாப்பில்தான் பார்க்கிறேன். மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம், உடனே பதிவு செய்யுங்கள் என்று இப்போது கடிதம் வந்திருக்கிறது. அவர் பெயருக்கு ஒன்று, என் பெயருக்கு ஒன்று. லண்டனில் இருக்கும் நாத்தனாரோ, "எங்களுக்கும் இப்படித்தான் வரும், கிழித்துப் போட்டுவிடுவோம், ஒன்றும் ஆகாது" என்கிறார். மொழி தெரியாதவர்களை யாராவது ஏமாற்றுகிறார்களா? ஊரில் கேபிளுக்குக் கொடுத்ததைப் போல இது எத்தனையோ மடங்கு. வெளிநாட்டில் டிவி பார்க்க உண்மையில் என்னதான் செலவாகும்?

பதில்: கிழித்துவிடாதீர்கள். கொலோன் நகரில் இருக்கும் 'பைட்ராக்ஸ்சர்வீஸ்' அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் என்றால் அது அசல்தான். ஏஆர்டி, இசட்டிஎஃப் போன்ற பொது ஒளிபரப்பு நிறுவனங்களுக்காகப் பணம் வசூலிப்பது அவர்கள் வேலை. வந்த புதிதில் நகர அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிவு செய்திருப்பீர்கள். அந்த 'ஆன்மெல்டுங்' விவரம் தானாகவே இவர்களுக்குப் போய்விடும். வயது வந்த ஒவ்வொருவர் பெயருக்கும் தனியாகக் கடிதம் போடுவார்கள். அதனால்தான் உங்கள் வீட்டுக்கு இரண்டு.

ஆனால் இரண்டு பேரும் கட்ட வேண்டியதில்லை. கட்டணம் வீட்டுக்குத்தான், ஆளுக்கு அல்ல. கணவர் பெயரில் பதிவு செய்யுங்கள், அவருக்கு ஒரு கட்டண எண் கிடைக்கும். உங்களுக்கு வந்த கடிதத்துக்கு, "இந்த வீட்டுக்கு ஏற்கெனவே இந்த எண்ணில் கட்டுகிறோம்" என்று அந்த எண்ணைக் குறித்துப் பதில் அனுப்புங்கள். இந்த இரண்டாவது வேலையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பதில் போகாவிட்டால் நினைவூட்டல் வரும். அதையும் கண்டுகொள்ளாவிட்டால் அவர்களாகவே உங்கள் பெயரில் இன்னொரு கணக்கைத் திறந்துவிடுவார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு கணக்கு ஆகிவிட்டால், அதை மூடுவதற்குள் அலுத்துப்போகும்.

குடிவந்த மாதத்திலிருந்தே கணக்கு ஓடும். எனவே இப்போதே மூன்று மாதத்துக்கு 55.08 யூரோ கட்ட வேண்டியிருக்கும். வருடத்துக்கு 220.32. தாமதமானால் அபராதமாகப் பாக்கியில் ஒரு சதவீதம், ஆனால் குறைந்தது 8 யூரோ. அதற்கும் அசையாவிட்டால் வங்கிக் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்ளும் அளவுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஏமாற்று வேலை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், இணையத்தில் தேடும்போது மேலே வந்து நிற்கும் சில தனியார் தளங்களைச் சொல்லலாம். பதிவுப் படிவத்தை நிரப்பித் தருவதற்கே காசு கேட்பார்கள். அலுவலகத்தின் சொந்தத் தளத்தில் அது இலவசம்.

"டிவியே இல்லையே" என்ற உங்கள் கேள்வி ஜெர்மானியர்களே பல வருடம் நீதிமன்றத்தில் கேட்ட கேள்விதான். 2012 வரை அங்கே சாதனத்தை வைத்துத்தான் கட்டணம். வீட்டில் டிவி இருக்கிறதா, ரேடியோ இருக்கிறதா என்று ஆட்கள் கதவைத் தட்டி விசாரிப்பார்கள். கணினியிலும் கைபேசியிலும் எல்லாம் தெரியத் தொடங்கியதும் அந்தக் கணக்கு நிற்கவில்லை. 2013 ஜனவரி 1 முதல் வீடு இருந்தால் கட்டணம் என்று மாற்றிவிட்டார்கள். 2018 ஜூலையில் அரசியல் சட்ட நீதிமன்றம், பார்க்கும் வாய்ப்பு இருப்பதே கட்டணம் கேட்கப் போதும் என்று தீர்ப்புச் சொன்னது. ஒருவருக்கு இரண்டு வீடு இருந்தால் இரண்டுக்கும் வாங்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. தனியாகக் குடியிருப்பவரும் ஐந்து பேர் குடும்பமும் ஒரே தொகை கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் குழப்பமில்லாத முறை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

விலக்கு சிலருக்குத்தான். அரசின் வாழ்வாதார உதவி பெறுபவர்கள், பாஃபக் என்ற கல்வி உதவித்தொகை வாங்கும் மாணவர்கள், இப்படி. இந்தியாவிலிருந்து படிக்க வருபவர்களுக்குப் பொதுவாக அந்த உதவித்தொகை கிடையாது, எனவே அவர்களும் கட்டத்தான் வேண்டும். நாலு பேர் சேர்ந்து ஒரு ஃபிளாட்டில் இருந்தால் ஒருவர் கட்டி, மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

சரி, நாத்தனார் விஷயத்துக்கு வருவோம். அவர் சொல்வது பிரிட்டனில் பாதி சரி, ஜெர்மனியில் முழுக்கத் தப்பு. பிரிட்டனில் வீட்டுக்குக் கட்டணம் இல்லை, டிவி பெட்டிக்கும் இல்லை. பார்க்கும் செயலுக்குத்தான் லைசன்ஸ். 2025 ஏப்ரலில் அது வருடம் 174.50 பவுண்டு ஆனது. (கறுப்பு வெள்ளை டிவிக்கு இன்னமும் தனி விலை வைத்திருக்கிறார்கள், 2025ல் 58.50 பவுண்டு!) எந்தச் சேனலானாலும் ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தாலோ, பிறகு பார்க்க ரெக்கார்டு செய்து வைத்தாலோ லைசன்ஸ் வேண்டும். பிபிசியின் ஐபிளேயர் ஆப்பில் எதைப் பார்த்தாலும் வேண்டும். இந்த இரண்டாவது விதி 2016 செப்டம்பரில் வந்தது. நெட்ஃபிளிக்ஸில் படம், யூடியூபில் சமையல் வீடியோ, நேற்றைய சீரியலை இன்று ஆப்பில் பார்ப்பது, இதற்கெல்லாம் தேவையில்லை.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது "எந்தச் சேனலானாலும்" என்ற இடத்தில்தான். சென்னையில் ஓடும் செய்திச் சேனலை யூடியூபில் நேரலையாக வைத்துக்கொண்டு காப்பி குடித்தால் அதற்கும் லைசன்ஸ் உண்டு. ஐபிஎல் மேட்ச் நேரலைக்கும் அப்படியே. டிவியில் பார்த்தாலும் போனில் பார்த்தாலும் வித்தியாசம் கிடையாது. பிடிபட்டால் நீதிமன்றம் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். வீட்டு வாசலுக்கு வரும் ஆட்களுக்கு, வாரண்ட் இல்லாமல் உள்ளே நுழையும் அதிகாரம் இல்லை என்பது உண்மைதான். நாத்தனார் வீட்டில் நேரலையே ஓடாது என்றால், கடிதத்தைக் கிழிப்பதைவிட "லைசன்ஸ் தேவையில்லை" என்று ஆன்லைனில் ஒரு அறிவிப்பு கொடுத்துவிடலாம். சும்மா சும்மா கடிதம் வருவது குறையும். ஓடும் என்றால் கட்டிவிடச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரை நாளைக்கு வேறு நாட்டுக்கு மாற்றினால், அங்கே முதலில் கேட்க வேண்டியது, வீட்டுக்குக் கட்டணமா, பெட்டிக்கா, பார்ப்பதற்கா, இல்லை வரியிலேயே போய்விடுகிறதா என்பதுதான். எவ்வளவு என்பது அப்புறம். ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் இருக்கும் சுவிட்சர்லாந்திலும் வீட்டுக்குத்தான்: வருடம் 335 ஃபிராங்க், வசூலிப்பது செராஃபே என்ற நிறுவனம். 2018 மார்ச்சில் இந்தக் கட்டணமே வேண்டாம் என்று மக்கள் வாக்கெடுப்பு வைத்தார்கள். எழுபது சதவீதத்துக்கும் மேலானவர்கள் கட்டணம் இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள். ஆஸ்திரியா 2024 முதல் ஜெர்மனி வழிக்கு வந்துவிட்டது, அங்கே மாதம் 15.30 யூரோ. இத்தாலியில் 2016 முதல் மின்கட்டண பில்லிலேயே சேர்த்துவிடுகிறார்கள், தப்பிப்பது கஷ்டம். பிரான்ஸ் 138 யூரோ வாங்கிக்கொண்டிருந்தது, 2022ல் ரத்து செய்துவிட்டது. சிங்கப்பூரில் வீட்டுக்கு 110 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருந்தது, அதுவும் 2011ல் போய்விட்டது.

ஜப்பான் கதை வேறு. அங்கே பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் சேனலைப் பிடிக்கும் திறன் உள்ள கருவி வீட்டில் இருந்தாலே ஒப்பந்தம் போட்டாக வேண்டும் என்பது சட்டம், 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. சாதாரண ஒளிபரப்புக்கு மாதம் 1,100 யென். கட்டணம் கேட்டுக் கதவைத் தட்டுபவர்கள்மேல் இருந்த எரிச்சலையே மூலதனமாக வைத்து ஒருவர் கட்சி தொடங்கி, 2019ல் நாடாளுமன்ற மேலவைக்கே போய்விட்டார். கடைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. சேனல் பிடிக்கும் ட்யூனரே இல்லாத, இணையத்தில் மட்டும் இயங்கும் டிவியை ஒரு பெரிய கடைத்தொடர் 2021ல் விற்கத் தொடங்கியது. அதை வாங்கினால் என்எச்கே கட்டணம் கிடையாது.

அமெரிக்காவில் லைசன்ஸ் என்ற பேச்சே இல்லை. ஆண்டெனா வைத்தால் உள்ளூர்ச் சேனல்கள் இலவசம். அதனால் மலிவு என்று நினைக்க வேண்டாம், கேபிள் பில்லைப் பிரித்தால் பெட்டி வாடகை, விளையாட்டுச் சேனல் கட்டணம் என்று வரிசையாக இருக்கும். கேபிளுக்கு மாற்றாக 2017ல் 35 டாலருக்கு வந்த யூடியூப் டிவி 2025 ஜனவரியில் மாதம் 82.99 டாலர் ஆகிவிட்டது.

ஊரோடு ஒப்பிட்டீர்கள். நம் நாட்டிலும் ரேடியோவுக்கும் டிவிக்கும் தபால் ஆபீஸில் லைசன்ஸ் கட்டிய காலம் உண்டு, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1980களின் நடுவில் அது நின்றது. கேபிளுக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019ல் அமலாக்கிய முறையில் அடிப்படைக் கட்டணத்துக்கு 130 ரூபாய் உச்சவரம்பு, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் சொச்சம். கட்டணச் சேனல்களுக்குத் தனி. அந்த உச்சவரம்பையும் 2024ல் எடுத்துவிட்டார்கள். அந்தக் காசு நீங்கள் பார்க்கும் சேனலுக்கும் அதை வீட்டுக்குக் கொண்டுவரும் கேபிள்காரருக்கும் போனது. 18.36 யூரோ போவது ஜெர்மன் பொது ஒளிபரப்புக்கு. அதில் ஒரு தமிழ்ச் சேனல்கூட வராது. எனவே உங்கள் டிவி செலவு என்பது இந்தக் கட்டணம், வீட்டு இணையம், தமிழ் ஆப் சந்தா மூன்றும் சேர்ந்தது. கடைசியதை வாங்கும்போது ஐரோப்பாவில் வேலை செய்யும் சந்தாவா என்று பாருங்கள். இந்தியாவில் கட்டிய சந்தா பல ஆப்களில் அங்கே திறக்காது.

வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை பாருங்கள். முன்பு வீட்டுக்காரர்கள் கேபிள் செலவைப் பராமரிப்புக் கணக்கில் சேர்த்துக் குடியிருப்பவர்கள் எல்லார் தலையிலும் போடலாம். 2024 ஜூலை முதல் அது கூடாது. இன்னமும் கணக்கில் அந்தச் செலவு இருந்தால் கேளுங்கள்.

"ஒரு பெட்டி, ஒரே தடவை காசு, எல்லாத் தமிழ்ச் சேனலும் வரும்" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். திருட்டு ஒளிபரப்பு இணைப்புகளைப் போட்டு விற்கும் இத்தகைய பெட்டிகள் பற்றி நெதர்லாந்திலிருந்து போன ஒரு வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஏப்ரலிலேயே தீர்ப்பளித்துவிட்டது. விற்பவர் மட்டுமல்ல, அதில் பார்ப்பவரும் காப்புரிமையை மீறுகிறார்.

எப்போதாவது ஜெர்மனியை விட்டுக் கிளம்பினால், நகர அலுவலகத்தில் பதிவை நீக்கியதோடு இந்தக் கணக்கும் மூடிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். அங்கே தரும் பதிவுநீக்கச் சான்றின் நகலை வைத்து, பைட்ராக்ஸ்சர்வீஸுக்குத் தனியாக எழுதிக் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கை மூடுவதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கூடுதலாகக் கட்டியது ஏதாவது இருந்தால் திரும்ப வர ஒரு கணக்கு வேண்டுமே.