மார்பில் புற்றுநோய்போலத் தோன்றும் ஓர் அழற்சி: கதிரியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி (சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா): கடைசிக் குழந்தை பிறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இடது மார்பில் வலியுடன் கட்டி இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் 'பைராட்ஸ் 4' என்று எழுதியிருக்கிறார்கள். புற்றுநோய்தானா, டாக்டர்?

பதில்: பைராட்ஸ் 4 என்பது நோயின் பெயரன்று, அம்மா; ஐயம் இருப்பதால் சதைத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்னும் குறிப்பு மட்டுமே. பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில ஆண்டுகளுக்குள் இப்படி வரும் கட்டிகளில் அரிதான ஒன்று, கிரானுலோமேட்டஸ் மாஸ்டைடிஸ். 1972இல் முதன்முதலாகத் தனி நோயாக விவரிக்கப்பட்ட இந்த அழற்சி புற்றுநோயன்று. ஆனால் திரையில், விளிம்பு ஒழுங்கில்லாத கறுத்த திட்டாகத் தெரிந்து, அனுபவமுள்ளவரையும் கலங்க வைக்கும். அந்தத் திட்டிலிருந்து, இஞ்சிக் கிழங்கில் விரல்கள் பிரிவதுபோல, குழாய் வடிவக் கிளைகள் பக்கத்துச் சதைக்குள் நீண்டிருந்தால் எனக்கு முதலில் இந்த நோய்தான் நினைவுக்கு வரும். இருந்தும், படத்தை மட்டும் நம்பிப் 'புற்று இல்லை' என்று நான் எழுதித் தருவதில்லை.

கேள்வி (பீனிக்ஸ்): மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே மட்டும் போதாதா?

பதில்: போதாது. இளம் வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால், ஒரு பக்கம் சற்றுக் கூடுதல் வெண்மையாகத் தெரிவதோடு படம் நின்றுவிடலாம்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): என் தங்கையின் பயாப்சியில் (சதைத் துண்டுச் சோதனையில்) கிரானுலோமா, அதாவது அழற்சி அணுக்கள் திரண்ட சிறு முடிச்சு, என்று வந்தது. ஸ்டீராய்டு மாத்திரையை உடனே தொடங்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். காசநோய் மிகுந்த நம் குவாசூலு-நட்டாலில் இந்தக் கேள்விக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும், ஏனெனில் அரிதாக மார்பில் வரும் காசநோயும் கிரானுலோமாவையே உண்டாக்கும். அதை அறியாமல், அழற்சியோடு உடலின் எதிர்ப்புச் சக்தியையும் தணிக்கும் ஸ்டீராய்டைக் கொடுத்தால் கிருமி பரவ வழிவிட்டதாகும். காசநோயில் கிரானுலோமாவின் நடுத்திசு பாலாடைக்கட்டிபோல மடிந்திருப்பது வழக்கம். கிரானுலோமேட்டஸ் மாஸ்டைடிஸிலோ, கிரானுலோமா பால் சுரக்கும் நுண்மடல்களைச் சுற்றி, அந்த மடிவு இல்லாமல் காணப்படும். சிறு துண்டில் இந்த வேறுபாடு தெரியாமலும் போகலாம். ஆகவே கிருமிச் சாயச் சோதனை, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் மூன்றையும் கேளுங்கள். கல்ச்சர் முடிவுக்கு ஆறு வாரங்கள்வரை ஆகலாம். எடுத்த துண்டுகள் எல்லாவற்றையும், திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி வளராது. ஒன்றையாவது சலைனில் (உப்பு நீரில்) தனியாக அனுப்ப வேண்டும். தங்கைக்கு அப்படி அனுப்பினார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி (லெனேசியா): அறுத்து எடுத்துவிட்டால் தொல்லை தீருமே?

பதில்: பெரும்பாலும் தீராது. அறுத்த புண் ஆறாமல் சீழ் வடியும் புரையாக நீடிப்பதுண்டு. சிலருக்கு மருந்தில்லாமலே மாதக்கணக்கில் மெல்லக் குறையும். சிலருக்குத் திரும்பவும் வரும். எனவே பழைய ஸ்கேன் படங்களை எறிந்துவிடாமல் ஒவ்வொரு முறையும் கொண்டு செல்லுங்கள். கட்டி சுருங்கியதா என்பதை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் நாங்கள் சொல்ல முடியும்.