அரிசி மூட்டையும் 'நான்' மூட்டையும்: வாசகர் கேள்விகள், அண்ணன் பதில்கள்

கேள்வி: அண்ணே, போன மாசம் எங்க சபையில அசனம், அதான் எல்லாரும் சேர்ந்து சாப்பிடற சபை விருந்து. நான் ரெண்டு மூட்டை அரிசி கொடுத்திருந்தேன். ஆராதனை முடிஞ்சு கொடுத்தவங்க பேரை வாசிக்கும்போது என் பேரை மட்டும் விட்டுட்டாங்க. அன்னைக்கு சோறே இறங்கல. வீட்டுக்கு வந்து யோசிச்சா, அந்த அரிசியை ஆண்டவருக்குக் கொடுத்தேனா, எனக்கே கொடுத்துக்கிட்டேனான்னு சந்தேகமாயிடுச்சு. இந்த 'நான்' எப்பண்ணே போகும்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: தம்பி, படிச்சதும் சிரிச்சுட்டேன், உங்களைப் பார்த்து இல்ல, எனக்கும் இதே கூத்து நடந்திருக்கு, ஒரு கன்வென்ஷன் நோட்டீஸ்ல என் பேரை கடைசியில பொடி எழுத்துல போட்டுட்டாங்கன்னு மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தேன், அந்தக் கூட்டத்துல நான் பேச வேண்டிய தலைப்பு தாழ்மை!

"இனிமே யாருக்கும் தெரியாம கொடுங்க"ன்னு சொல்லி முடிச்சிடலாம், பைபிள்ல மத்தேயு 6லயும் வலதுகை செய்யறது இடதுகைக்குத் தெரியக்கூடாதுன்னுதான் இருக்கு. ஆனா நம்ம மனசு லேசுப்பட்டதா என்ன? தெரியாம கொடுத்துட்டு, "பாத்தியா, நான் பேர்கூட சொல்லல"ன்னு உள்ளுக்குள்ள தனக்குத்தானே மாலை போட்டுக்கும். 'நான்' கூட மல்லுக்கு நிக்க நிக்க அதுதான் கொழுக்குது.

லூக்கா 18ஐ எடுத்துப் பாருங்க, ரெண்டு பேர் ஆலயத்துக்கு ஜெபிக்கப் போற கதை, ஒருத்தன் பக்திமான்னு பேர் எடுத்த பரிசேயன், இன்னொருத்தன் ஊரே வெறுக்கிற வரி வசூல்காரன், அதாவது ஆயக்காரன். பரிசேயன் "தேவனே"ன்னு சரியாத்தான் ஆரம்பிக்கிறான், அடுத்த மூச்சுலயே வாரத்துக்கு ரெண்டு உபவாசம், வருமானத்துல பத்துல ஒரு பங்கு தசமபாகம்னு கணக்கு நோட்டை விரிச்சுடறான். ஆயக்காரனும் தன்னைப் பத்திதான் பேசறான், "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்"னு. ஆக ரெண்டு ஜெபத்துலயும் 'நான்' இருக்கு. பரிசேயனுக்கு தேவன் கைதட்ட வேண்டிய ஆளு, ஆயக்காரனுக்கு அவரை விட்டா வேற போக்கிடமே இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

இயேசு கத்துக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தை நாம கடகடன்னு சொல்லிட்டுப் போறதால கவனிக்கறதில்ல. உம்முடைய நாமம், உம்முடைய ராஜ்யம், உம்முடைய சித்தம்னு மூணு 'உம்முடைய' வந்த பிறகுதான் ஆகாரம் வருது, அதுவும் 'எனக்கு' இல்ல, 'எங்களுக்கு'. நம்ம ஜெபம் நேரா லோன், பையனுக்கு காலேஜ் சீட், மூட்டுவலின்னு ஆகாரத்துலயே ஆரம்பிச்சு ஆகாரத்துலயே ஆமென் ஆயிடுது. கேக்கறது தப்பில்ல, கேக்கத்தான் சொல்லியிருக்காரு, வரிசைதான் தலைகீழா இருக்கு. ஒரு வாரம் இந்த வரிசையில ஜெபிச்சுப் பாருங்க, முதல் ரெண்டு நாள் அந்த மூணு 'உம்முடைய'வுக்குள்ள என்ன பேசறதுன்னே தெரியாது, எனக்குத் தெரியல.

உங்க பக்கத்துலதானே டோனாவூர், போயிருக்கீங்களா? 1901ல இருந்து பிள்ளைங்களை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931ல கீழ விழுந்து அடிபட்டு, 1951ல சாகற வரைக்கும் பெரும்பாலும் படுக்கையிலதான் இருந்தாங்க. என் கல்லறைக்கு கல்லே வேண்டாம்னுட்டாங்க. வளர்ந்த பிள்ளைங்களுக்கு மனசு கேக்கல, பறவைங்களுக்கு ஒரு தண்ணித் தொட்டி வெச்சு அதுல 'அம்மா'ன்னு மட்டும் எழுதினாங்க.

அடுத்த அசனத்துக்கும் அரிசி கொடுங்க தம்பி, கோவத்துல நிறுத்தினீங்கன்னா அதுவும் அதே 'நான்'தான். கொடுத்துட்டு கடைசிப் பந்தியில சாம்பார் வாளியோட நில்லுங்க. பசியில இலையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற பிள்ளைங்க முன்னாடி நிக்கும்போது, பேர் வாசிச்சாங்களா இல்லையாங்கறது ஞாபகத்துக்கே வராது.

கேள்வி: தேவனை மையமா வெச்சு வாழணும்னா என் ஆசை எதையும் அவர்கிட்ட சொல்லவே கூடாதா அண்ணே?
– ஒரு வாசகி, கோவை

பதில்: யாரும்மா அப்படிச் சொன்னது? சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசு முதல்ல தன் விருப்பத்தைத்தான் சொல்றாரு, கூடுமானால் இந்தப் பாத்திரம், அதாவது வரப்போற பாடு, நீங்கட்டும்னு. அதுக்கப்புறம்தான் "என் சித்தத்தின்படியல்ல". அதையும் ஒரே தடவையில முடிச்சுட்டு எழுந்து போகல, மூணு தரம் போய் ஜெபிச்சாரு. கூட்டிட்டுப் போன சீஷர்கள் அந்த நேரம் பூரா தூங்கிட்டு இருந்தாங்க, அது வேற கதை.