‘ஹாத்’தும் ‘ஹாத்கொன்’னும் – கடிதம்

வணக்கம். வங்கி வேலையில் மாற்றலாகி குவாஹாத்திக்கு வந்திருக்கிறேன். இங்கே கையை ‘ஹாத்’ என்கிறார்கள். இந்திச் சொல்தானே என்று இருந்துவிட்டேன். ஆனால் சில சமயம் ‘ஹாத்கொன்’ என்றும் சொல்கிறார்கள். அந்தக் ‘கொன்’ என்ன? பொருள் மாறுகிறதா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அது இந்தியிலிருந்து வந்த சொல் இல்லை. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். சமஸ்கிருத ‘ஹஸ்த’ பிராகிருதத்தில் ‘ஹத்த’ ஆனது. அந்த இரட்டைத் தகரம் ஒற்றையானபோது முன்னால் இருந்த அகரம் நீண்டு ‘ஹாத்’ வந்தது. இந்தியில் கடைசித் தகரம் மூச்சோடு ஒலிக்கும். அஸாமியமும் வங்காளியும் அந்த மூச்சொலியை இழந்துவிட்டன. யானைக்கு அங்கே ‘ஹாத்தி’, அதாவது கை உள்ளது. தமிழிலும் யானைக்குக் கைம்மா என்று பெயர் உண்டு.

ஆனால் அஸாமியர் வாயில் அந்தச் சொல் எப்படி ஒலிக்கிறது என்று கவனியுங்கள். த, ட என்ற இரண்டும் அஸாமியப் பேச்சில் ஒன்றாகிவிட்டன. நாக்கு பல்லையும் தொடாது, மேலே வளைந்தும் போகாது. மேல்வரிசைப் பல்லுக்குப் பின்னாலிருக்கும் மேட்டைத் தொடும். யாழ்ப்பாணத்தார் ‘வெற்றி’ என்னும்போது ற்ற ஒலிக்கும் இடம் அது. அதனால் கைக்கான சொல்லும் சந்தைக்கான ‘ஹாட்’டும் எழுத்தில் வேறு, காதுக்கு ஒன்று. உங்கள் ஊர்ப் பெயருக்கே பாக்குச் சந்தை என்று பொருள் சொல்வார்கள்.

இன்னொன்று, சகரம். ஸ, ஷ எழுத்துகள் அஸாமியத்தில் தொண்டையில் உரசி, கிட்டத்தட்ட நம் ஆய்தம் போல ஒலிக்கின்றன. ஏழு என்பதை ‘ஸாத்’ என்று எழுதி ‘ஃகாத்’ என்று படிக்கிறார்கள். கைக்கும் ஏழுக்கும் நடுவே அந்த உரசல் மட்டும்தான் வித்தியாசம். சில்லறை எண்ணும் இடத்தில் இது முக்கியம்!

சரி, ‘கொன்’னுக்கு வருவோம். பொருள் மாறவில்லை. அது வகை காட்டும் ஒட்டு. துண்டு என்று பொருள்படும் ‘கண்ட’விலிருந்து வந்ததாகக் கொள்கிறார்கள். தட்டையாக, பரப்பாக இருப்பவற்றுக்கு இதைச் சேர்ப்பார்கள். புத்தகம் ‘கிதாப்கொன்’, முகம் ‘முக்கொன்’, ஆறுகூட ‘நொதிகொன்’. நீண்டு மெலிந்ததற்கு ‘டால்’: தலைமயிர் ‘சுலிடால்’. தலையும் கண்ணும் பொதுவான ‘டு’வை ஏற்கும்: ‘மூர்டு’, ‘சொகுடு’. ஒரே உடம்பின் உறுப்புகளை வடிவம் பார்த்துப் பிரித்துவைத்திருக்கும் இந்த நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது.

இந்த ஒட்டுதான் ‘அந்த’ என்ற குறிப்பையும் தருகிறது. ‘ஹாத்’ என்றால் கை, பொதுவாக. ‘ஹாத்கொன்’ என்றால் நாம் பேசிக்கொண்டிருக்கிற அந்தக் கை. ‘துகொன் ஹாத்’ இரண்டு கைகள். ‘ஹாத் துகொன்’ அந்த இரண்டு கைகள். வேற்றுமை உருபு எளிது: ‘ஹாதொத்’ கையில், ‘ஹாதெரெ’ கையால்.

இந்தியில் இப்படி ஓர் ஒழுங்கு கிடையாது. வங்காளியில் உண்டு, ஆனால் அஸாமியத்தில்தான் இது இவ்வளவு வளமாக இருக்கிறது. பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் அஸாமியத்தோடு கலந்து வாழ்ந்த போடோ மொழியிலும், 1228 முதல் 1826 வரை ஆண்ட அகோம்களின் ‘தாய்’ (Tai) மொழியிலும் (தாய்லாந்துக்காரர்கள் பேசும் மொழியின் உறவு) வகை ஒட்டுகள் உண்டு. அந்த நெடுநாள் உறவுக்கு இதில் பெரிய பங்கு இருப்பதாக நான் கருதுகிறேன்.

அப்புறம், உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒன்று. என் கை, உன் கை, அவன் கை எதுவானாலும் ‘ஹாத்’ மாறாது. ஆனால் அப்பா மாறுவார்: என்னுடையவர் ‘தெஉதா’, உன்னுடையவர் ‘தெஉதாரா’, அவனுடையவர் ‘தெஉதாக்’. சங்கத் தமிழின் எந்தை, நுந்தை, தந்தை நினைவுக்கு வருகிறதா? ஒன்றிலிருந்து மற்றது வந்ததாகச் சொல்லவில்லை. அங்கே இன்றும் இது வீட்டுப் பேச்சில் உயிரோடு இருக்கிறது என்பதுதான் எனக்கு மகிழ்ச்சி.

ஒரு யோசனை: பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஒட்டோடு சேர்த்தே கேட்டுப் பழகுங்கள். காதுக்கு என்ன ஒட்டு என்று அலுவலக நண்பர்களிடம் கேட்டு எழுதுங்கள்.